"வாசலை மிதிக்காதே" என்பது பதில் ஆகுமா?

சென்ற இதழில் உங்களிடம் ஒன்று கேட்டிருந்தேன்: நீங்கள் நியாயம் கேட்ட இடத்தில் மிரட்டல் பதிலாக வந்ததுண்டா? பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக்கு மேல் சொந்தக்காரர்களைப் பற்றியவை. அதனால் இந்த முறை யார் பெயரையும் போடவில்லை, ஊரை மட்டும் போடுகிறேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வரி: நான் கோவையில் தொழிலாளர் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆலை நிர்வாகத்தையும் சங்கத்தையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமரசம் பேசுவது என் வேலை. மிரட்டலை இரண்டு காதாலும் கேட்டுப் பழகியவள் என்ற ஒரு தகுதியில்தான் இந்தப் பதில்கள்.

வாசகி, கோபிசெட்டிபாளையம்

*அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. உயில் எழுதவில்லை. அவர் சம்பாதித்து வாங்கிய ஒன்றரை ஏக்கர் தோப்பும் வீடும் இருக்கின்றன. அம்மா, அண்ணன், நான் மூன்று பேர்தான். பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொல்லி அண்ணன் கூப்பிட்டார். "எனக்குப் பங்கு இல்லையாண்ணா?" என்று கேட்டேன். "பங்கு கேட்டீன்னா இந்த வாசலை மிதிக்காதே. நாளைக்கு உம் பொண்ணுக்குத் தாய்மாமன் சீர் யார் செய்வாங்கன்னு யோசிச்சுக்கோ" என்றார். இதை மிரட்டல் என்று நான் சொல்கிறேன். என் வீட்டுக்காரர், அது மனவருத்தத்தில் வந்த பேச்சு என்கிறார். எது சரி?*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் அம்மா. நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பங்கு இருக்கிறதா, இல்லையா? இதற்கு "உண்டு" என்று சொல்லலாம், "இல்லை" என்று சொல்லலாம். அண்ணன் இரண்டையும் சொல்லவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று சொன்னார். கேள்வி பங்கைப் பற்றி, பதில் வாசலைப் பற்றி.

ஒரு தாளில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் உங்கள் கேள்வி, வலது பக்கம் அவர் பதில். வலது பக்கத்தில் "இல்லாவிட்டால் உனக்கு இது நடக்கும்" என்று வருகிறதையெல்லாம் அடித்துவிடுங்கள். மிச்சம் என்ன இருக்கிறது? உங்கள் விஷயத்தில் வெறும் தாள்தான். "உன் கல்யாணத்துக்கு நாற்பது பவுன் போட்டோம், அந்தக் கடனை நான்தான் எட்டு வருஷம் கட்டினேன்" என்று அவர் சொல்லியிருந்தால் அடித்த பிறகும் அது மிஞ்சும். அது வாதம். நீங்கள் ஒத்துக்கொள்ளலாம், மறுக்கலாம், நகைக்கடை ரசீதை எடுத்து வைக்கலாம். ஒருவேளை அவரிடம் அப்படி ஒரு நியாயம் இருக்கவும் செய்யும். ஆனால் அதைச் சொன்னால் நீங்களும் உங்கள் கணக்கைச் சொல்வீர்கள், பேச்சு நீளும். வாசலைக் காட்டினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது.

வீட்டுக்காரர் சொல்வதிலும் கொஞ்சம் இருக்கிறது. வருத்தமும் மிரட்டலும் ஒரே வாயில், ஒரே வாக்கியத்தில் வரும். "நீ கேட்டது எனக்கு மனசு கஷ்டமா இருக்கு" என்றால் வருத்தம். "கேட்டீன்னா" என்று நிபந்தனை ஒட்டிக்கொண்டு, கடைசியில் "யோசிச்சுக்கோ" என்று முடிந்தால் அதற்குள் தடி இருக்கிறது. என் வேலையில் இந்த "யோசிச்சுக்கோங்க" என்ற சொல்லைக் கேட்டாலே பேனாவைக் கீழே வைத்துவிடுவேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொள்வோம். உயில் இல்லாமல் போன அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் அம்மா, மகன், மகள் மூவருக்கும் 1956 முதலே சம பங்கு. உங்கள் வீட்டில் மூன்றில் ஒன்று. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்குப் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது, நாடு முழுக்க 2005-இல் வந்தது. ஆக அண்ணன் "இல்லை" என்று சொல்லியிருந்தால் அது தப்பான பதில். அதனாலேயே அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

இன்னொன்று, இதைக் கவனமாகப் படியுங்கள். 1917-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தன் மனைவியையும் மகனையும், தன் சகோதரருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுக்காவிட்டால் தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டினார். அவர்களும் எழுதிக் கொடுத்தார்கள். நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டார். பெரும்பான்மைத் தீர்ப்பு, அப்படி வாங்கிய சம்மதம் வற்புறுத்தலால் வந்தது, அது நிற்காது என்றது. நூறு வருடத்துக்கு முன்பே நம் ஊரில் விடுதலைப் பத்திரம் எப்படி வாங்கினார்கள் பாருங்கள்!

ஆனால் உங்கள் அண்ணன் சாகிறேன் என்று சொல்லவில்லை. உறவை முறிக்கிறேன் என்கிறார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் எதை வற்புறுத்தல் என்கிறதோ, அந்த வரையறைக்குள் இது வராது. கையெழுத்துப் போட்டுப் பதிவும் ஆன பிறகு "சீர் செய்யமாட்டேன் என்று சொன்னார்" என்று கோர்ட்டுக்குப் போனால் ஒன்றும் நடக்காது. அதனால் யோசிக்கவேண்டியதெல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு அதே கேள்வியை, அதே வார்த்தையில், குரலை உயர்த்தாமல் கேளுங்கள்: "வாசலுக்கு வர்றதை அப்புறம் பேசலாண்ணா. எனக்குப் பங்கு இருக்கா, இல்லையா?"

கேட்டு, "உண்டு" என்று அவர் வாயால் வந்த பிறகு, அண்ணனோடு உறவு முக்கியம் என்று நீங்களே விட்டுக்கொடுத்தால் அது உங்கள் மனசு. நான் குறுக்கே வரமாட்டேன். நானும் 1991-இல் என் தம்பிக்கு எழுதிக் கொடுத்தவள்தான். அவன் மிரட்டவே இல்லை. வாசல் போய்விடுமோ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அவன் கேட்பதற்கு முன்பே போய்க் கையெழுத்துப் போட்டேன். அதற்கு என்ன பெயர் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வாசகர், திருப்பூர்

*பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். ஓவர்டைமுக்கு டபுள் சம்பளம் ஏன் இல்லை என்று கேட்டேன். "இஷ்டமிருந்தா இரு. வெளியே நூறு பேர் நிக்கறாங்க" என்றார் முதலாளி. நூறு பேர் நிற்பது உண்மைதான். அப்படியானால் அவர் சொன்னது நியாயமான பதில்தானே என்று நண்பன் கேட்கிறான்.*

உண்மையைச் சொல்லி மிரட்டக்கூடாது என்று யார் சொன்னார்கள்? மிரட்டலில் சொல்வது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். பொய் மிரட்டலுக்கு யார் பயப்படுவார்கள்? வெளியே நூறு பேர் நிற்கட்டும், ஆயிரம் பேர் நிற்கட்டும், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம்தான். அந்த நூறு பேரில் ஒருவர் உள்ளே வந்தாலும் அவருக்கும் அதுதான்.

ஒரு தீபாவளி போனஸ் பேச்சுவார்த்தையைச் சொல்கிறேன். நூற்பாலை, நூற்று நாற்பது பேர். சங்கம் 20 சதவீதம் கேட்கிறது, நிர்வாகம் 8.33-ஐ விட்டு நகரவில்லை. இரண்டும் சட்டத்தில் இருக்கிற எண்கள்தான். நஷ்டமானாலும் 8.33 கொடுக்கவேண்டும், எவ்வளவு லாபம் வந்தாலும் 20-க்கு மேல் இல்லை. மூன்றாவது நாள் சாயங்காலம், என் மேசைக் கண்ணாடி மேல் டீ கிளாஸ் வட்டம் வட்டமாகக் கறை. நிர்வாகி எழுந்து நின்று, "இதுக்கு மேல ஒரு பைசா கேட்டா தீபாவளிக்கு மறுநாள் ஆலைக்குப் பூட்டுத்தான்" என்றார். சங்கச் செயலாளர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பசங்க கோவமா இருக்காங்க மேடம். அப்புறம் நடக்கறதுக்கு நாங்க பொறுப்பில்லை" என்றார்.

இரண்டாவது வகையைக் கவனியுங்கள். தடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, அது வேறு யாரோ கையில் இருப்பதுபோல் பேசுவது. "நான் ஒண்ணும் பண்ணமாட்டேன், ஆனா மேலே இருக்கறவங்க..." "நம்ம சனங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது..." எங்கே "நான் பொறுப்பில்லை" என்று வருகிறதோ அங்கே அவர்தான் பொறுப்பு.

இருவரையும் உட்காரச் சொன்னேன். நிர்வாகியிடம், "பூட்டு போடறது உங்க உரிமை, அதுக்குச் சட்டத்தில என்ன வழியோ அதில போங்க. நான் கேட்டது போன வருஷ லாப நஷ்டக் கணக்கு. அது எங்கே?" என்றேன். செயலாளரிடம், "பசங்க கோவம் எத்தனை சதவீதம்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாது. 20 எப்படி வந்தது?" என்றேன். ஒருவரிடமும் பதில் இல்லை. மறுநாள் தணிக்கை செய்த கணக்கு வந்தது. தேய்மானம், வரி எல்லாம் கழித்து உபரி பார்த்தோம். 13-இல் முடிந்தது. தொழில் தகராறு சட்டம் 12(3) பிரிவின்படி சமரச ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வடை தின்றார்கள்.

ரொம்ப சாமர்த்தியசாலி போல எழுதிவிட்டேன். நிஜம் என்னவென்றால், "நாளைக்குக் கணக்கு வரலைன்னா, பேச்சு முறிஞ்சதுன்னு அரசாங்கத்துக்கு நாளைக்கே முறிவு அறிக்கை எழுதிடுவேன்" என்று நானும் சொல்லித்தான் அது வந்தது. என் தடி அரசாங்கத் தடி, அவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுப்பது தப்பான வாதமா என்று யாராவது கேட்பார்கள். அது வாதமே இல்லை, பேரம். "எங்கள் உழைப்பு வேண்டுமானால் இந்த விலை" என்பது வெளிப்படையான பேச்சு. ஆனால் நோட்டீஸ் கொடுத்ததால் கேட்ட தொகை நியாயமாகிவிடாது, கதவடைப்பு அறிவித்ததால் மறுத்தது நியாயமாகிவிடாது. பேரம் பேசும்போது பேரம் பேசுகிறோம் என்று தெரிந்தால் போதும்.

இன்னொரு ஆலை. சின்னது, அறுபது பேர். முதலாளி கரண்ட் பில்லையும் பஞ்சு விலையையும் கொண்டுவந்து பரப்பி வைத்து, "இப்படியே போனா மூடவேண்டியிருக்கும்" என்றார். குரல் எழும்பவே இல்லை. யாரும் நம்பவில்லை. ஊரில் அத்தனை முதலாளிகளும் வருஷா வருஷம் பூட்டைக் காட்டியிருந்தார்கள். "புலி வருது" கதைதான். அடுத்த பொங்கலுக்கு அந்த ஆலை இல்லை. அன்றைக்கு அந்தக் காகிதங்களை நானும் சரியாகப் படிக்கவில்லை.

உங்களுக்கு வருகிறேன் தம்பி. தனியாகப் போய்ச் சட்டம் பேசாதீர்கள். எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்குப் போனோம் என்று ஒரு குயர் நோட்டில் தினமும் எழுதுங்கள். அடுத்த முறை ஐந்து பேராகப் போய் அதே கேள்வியைக் கேளுங்கள்.

வாசகர், சேலம்

*ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விழா வசூலுக்கு வருகிறவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் கேட்கிறார்கள். "அண்ணன் சொல்லி அனுப்பினாருங்க. உங்க கடை ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்துதானே இருக்கும்?" என்கிறார்கள். மிரட்டவே இல்லையே, எனக்கு ஏன் வயிறு கலங்குகிறது?*

உங்கள் வயிறு திருக்குறள் படித்திருக்கிறது. "வேலொடு நின்றான் இடுஎன் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு." கையில் வேலோடு வழியில் நின்று "கொடு" என்கிற கொள்ளைக்காரனும், கையில் செங்கோலோடு நின்று "கொடுங்களேன்" என்று கெஞ்சுகிற அரசனும் ஒன்று என்கிறார் வள்ளுவர். கும்பிட்ட கையைப் பார்க்காதீர்கள். கடை மூடும் நேரம் நன்கொடைக்கு எதற்கு? சம்பந்தமில்லாத அந்த ஒரு கேள்விதான் வேல். ரசீது கேளுங்கள். ரசீது புத்தகத்தோடு வருகிறவர் வேறு, "அதெல்லாம் எதுக்குங்க" என்கிறவர் வேறு.

கல்லூரி மாணவி, மதுரை

*தர்க்கப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறதாமே?*

இருக்கிறது. லத்தீனில் ஆர்குமென்டம் அட் பாகுலம். பாகுலம் என்றால் தடி. நம் ஊரில் தடியெடுத்தவன் தண்டல்காரன் என்று எப்போதோ சொல்லிவிட்டார்கள், பரீட்சைக்கு மட்டும் லத்தீனை எழுதுங்கள்.

மதுரைக்காரியான உங்களுக்கு நான் நக்கீரர் கதை சொல்லவேண்டியதில்லை. பாட்டில் குற்றம் இருக்கிறதா என்பது வழக்கு. கூந்தலுக்கு இயற்கை மணம் உண்டா என்பதற்குச் சான்று காட்டுவதை விட்டுவிட்டுச் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். சூடு தாங்காமல் நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். பாட்டு அப்படியேதான் இருந்தது. "நெற்றிக்கண் திறப்பினும் குற்றம் குற்றமே" என்பதை வீரவசனமாகவே சொல்கிறோம். எனக்கு அது வெறும் கணக்கு. கண் திறப்பதற்கு முன் குற்றம் எத்தனையோ, திறந்த பின்னும் அத்தனை.

பரீட்சைத் தாளில் வரலாறும் வேண்டுமென்றால் கிரேக்கத்து மெலோஸ் தீவை எழுதுங்கள். கி.மு. 416-இல் ஏதென்ஸ் படை அங்கே போய் நின்றது. நியாயம் பேசுவதெல்லாம் சம பலம் உள்ளவர்களுக்குள்தான், பலசாலி முடிந்ததைச் செய்வான், மற்றவன் பட்டுக்கொள்வான் என்று தூதர்கள் நேராகவே சொன்னதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். தீவுக்காரர்கள் பணியவில்லை. முற்றுகைக்குப் பிறகு ஆண்களைக் கொன்றார்கள், பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றார்கள். அந்தத் தூதர்களிடம் எனக்கு ஒரே ஒரு மரியாதை. தடியை வாதம் என்று அவர்கள் சொல்லவில்லை.

வாசகர், நாகர்கோவில்

*"சிகரெட்டை விடலைன்னா காலை எடுக்கவேண்டி வரும்" என்கிறார் டாக்டர். இதுவும் மிரட்டல்தானே?*

காலைக் கெடுப்பது டாக்டரா, சிகரெட்டா? சொல்கிறவர் வாயை மூடிக்கொண்டாலும் அது நடக்குமா என்று பாருங்கள். நடக்குமென்றால் எச்சரிக்கை. அவர் நினைத்தால் நடக்கும், நினைக்காவிட்டால் நடக்காது என்றால் மிரட்டல். டிரான்ஸ்பார்மரில் மண்டையோடு போட்டு "அபாயம்" என்று எழுதியிருக்கிறதே, அதன்மேல் யாராவது கோபப்படுகிறோமா? சிகரெட்டை விடுங்கள் ஐயா.

ஓய்வு பெற்ற ஆசிரியர், காரைக்குடி

*வீடியோ காலில் போலீஸ் உடையில் ஒருவர் வந்து, என் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருப்பதாகவும், என்னை "டிஜிட்டல் கைது" செய்திருப்பதாகவும் சொன்னார். நாற்பது நிமிடம் நாற்காலியைவிட்டு எழவே இல்லை. படித்தவன் நான், எப்படி மாட்டினேன்?*

பணம் போகவில்லையே, அதைச் சொல்லுங்கள் முதலில். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்ன பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "என்ன பார்சல்? யார் அனுப்பியது? எந்த ஸ்டேஷன்?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் "பேசினா இப்பவே அரெஸ்ட்" என்றுதான் வந்திருக்கும். "யாரிடமும் சொல்லக்கூடாது", "லைனை வைக்கக்கூடாது" என்றும் சொல்லியிருப்பார்கள். உண்மை கையில் இருக்கிறவனுக்கு அவசரம் கிடையாது, ரகசியமும் கிடையாது. நாளைக்குக் கேட்டாலும் அதேதான். லைனை வைத்துவிட்டு, சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். வெட்கப்படாதீர்கள்.

வாசகி, பொள்ளாச்சி

*"இதை 11 பேருக்கு அனுப்பாவிட்டால் ரத்தம் கக்குவாய்" என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என்ன செய்வது?*

எங்கள் காலத்தில் பிட் நோட்டீஸில் வரும். கோவிலில் பாம்பு மனித உருவில் வந்து பேசியது, நூறு அச்சடித்துக் கொடுத்தவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவருக்குக் கை விளங்காமல் போனது என்று இருக்கும். அச்சகக்காரர்களுக்கு நல்ல வருமானம். நான் அதில் வேர்க்கடலை மடித்தேன், கை நன்றாகத்தான் இருக்கிறது.

இளம் தாய், சென்னை

*"சாப்பிடலைன்னா போலீஸ்காரர்கிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று மகனிடம் சொல்லாமல் ஒரு வேளைச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. இதையும் தப்பு என்று சொல்லிவிடாதீர்கள்!*

சொல்லமாட்டேன். சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என் மகன் பிளஸ் டூ முடித்ததும் சரித்திரம் படிக்கிறேன் என்றான். "இன்ஜினியரிங் சேரலைன்னா நான் உயிரோட இருக்கமாட்டேன்" என்றேன். மேலே சொன்ன 1917 வழக்கை இலாகா தேர்வுக்கு உட்கார்ந்து படித்தவள் நான். அவன் "ஏம்மா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். அந்த "ஏன்"க்கு என்னிடம் நல்ல பதில்கள் இருந்தன. சம்பளம், வேலை, வீட்டுக் கடன் எல்லாம். ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. சேர்ந்தான், படித்தான், இப்போது நன்றாகச் சம்பாதிக்கிறான். ரயிலில் போகும்போது மட்டும் பழைய கோட்டை எதையாவது பார்த்தால் பேச்சை நிறுத்திவிடுவான்.

திருந்திவிட்டேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தபோது ஐந்து வயதுப் பேத்தி தயிர் சாதத்தைத் தள்ளிவிட்டாள். "சாப்பிடலைன்னா பாட்டி ஊருக்குப் போயிடுவேன்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். என் செருப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, இடது வலது மாறாமல், என் காலுக்கு முன்னால் வைத்தாள்.

அப்புறம் ரசம் சாதம் வேண்டுமென்றாள். பிசைந்து கொடுத்தேன்.